இருமினால் கசியும் சிறுநீர்: சொல்லப்படாத உழைப்பு நோய்

கோவை மாநகரின் தெருக்களைக் கூட்டி, குப்பை வண்டிகளைத் தள்ளும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பான்மையோர் அருந்ததியர். அவர்களுள் பெண்கள் கணிசமானோர். பேறுகாலத்தில் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகள் மீளுமுன்பே பாரம் தூக்கத் திரும்பும் பெண்களுக்குச் சிறுநீர்க் கசிவும் கருப்பை இறக்கமும் நேரும் வாய்ப்பு மிகுதி. ‘அடி இறங்கிவிட்டது’ என்று தமக்குள் மட்டுமே பேசிக்கொண்டு வேலைக்குச் செல்கின்றனர். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் அருந்துவதையும் குறைக்கின்றனர்.

இதற்கான தீர்வு புதிதன்று. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் இத்தசைகளுக்கான பயிற்சியை 1948இல் விளக்கி எழுதினார். சிறுநீர்க் கசிவுக்கு முதற்கட்டமாக, நாளுக்கு 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 முறை தசையைச் சுருக்கும் பயிற்சியை 3 மாதமாவது மேற்பார்வையுடன் அளிக்குமாறு பிரித்தானிய மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. கருவி தேவையில்லை, கற்பிக்க ஒருவரும் கற்க நேரமும் வேண்டும். மருத்துவமனையில் காத்திருந்தால் ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு அந்த நேரம்தான் மறுக்கப்படுகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அது படுக்கையில் முடங்கியோரோடு நின்றுவிடலாகாது. பேறுகாலத்திற்குப் பின் தாயைச் சந்திக்கும் செவிலியர், கசிவு உண்டா என வெளிப்படையாகக் கேட்டுப் பயிற்சியைக் கற்பிக்க வேண்டும்.

எனினும், காலையில் வலுப்பெறும் தசையைப் பகலில் குப்பை வண்டி தளர்த்திவிடும். பாரக் குறைப்பும் கழிப்பறையும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் சலுகைகளல்ல. அவை சிகிச்சையின் பகுதிகளே.