கண்காணிப்பவரைக் கண்காணிப்பது யார்? லினக்ஸ் கெர்னலின் ‘ஒரே படி’ விதி

உங்க ஆண்ட்ராய்டு போன்ல எந்த ஆப் எவ்வளவு டேட்டா செலவழிக்குதுன்னு கணக்கு காட்டுதே, அதற்குப் பின்னால் இருப்பது ‘இபிபிஎஃப்’. லினக்ஸின் மையமான கெர்னலைத் திருத்தாமலே, அதற்குள் குட்டி புரோகிராம்களை ஓடவைக்கும் தொழில்நுட்பம் இது.

இவற்றில் ஒரு வகை ட்ரேஸிங் புரோகிராம்கள். ஒரு ஃபங்ஷன் தொடங்கும்போதோ முடியும்போதோ தானாக ஓடி, என்ன நடந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறிப்பெடுக்கும். 2020 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.5 முதல், மற்ற இபிபிஎஃப் புரோகிராம்களையும் இவை கண்காணிக்கலாம்.

சரி, இதுல என்ன சிக்கல்?

‘அ’ ஓடும்போதெல்லாம் ‘ஆ’ ஓட வேண்டும், ‘ஆ’ ஓடும்போதெல்லாம் ‘அ’ ஓட வேண்டும் என்று கோத்துவிட்டால்? கணக்குப்படி முடிவே கிடையாது. வட்டமே இல்லாமல் சங்கிலி நீண்டுகொண்டே போனாலும் ஆபத்துதான். ஒவ்வொரு அழைப்பும் கெர்னலின் ஸ்டாக்கில் இடம் பிடிக்கும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அது வழக்கமாக வெறும் 16 கேபி. நிரம்பி வழிந்தால் ஒரு ஆப் மட்டுமல்ல, மொத்தக் கணினியும் படுத்துவிடும்.

புரோகிராம்களை ‘வெரிஃபையர்’ சோதித்த பிறகுதான் கெர்னல் உள்ளே விடும். ஆனால் இங்கே இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் சுத்தம். கோளாறு இணைப்பில் இருக்கிறது.

கெர்னல் என்ன செய்தது?

முதலில் ஒரேயடியாகத் தடை: ட்ரேஸிங் புரோகிராமை இன்னொரு ட்ரேஸிங் புரோகிராம் தொடக் கூடாது. பாதுகாப்புதான். ஆனால் கண்காணிக்கும் புரோகிராமே மெதுவானால், ஏன் என்று அதே முறையில் அளக்க வழியில்லை.

2024-ல் விதி தளர்ந்தது, ஒரே ஒரு படிக்கு மட்டும். ‘அ’வை ‘ஆ’ கண்காணிக்கலாம். அந்த ‘ஆ’வை இன்னொரு ட்ரேஸிங் புரோகிராம் கண்காணிக்க முடியாது. ‘ஆ’வை ஏற்றும்போதே கெர்னல் அதற்கு ஒரு அடையாளம் போட்டுவிடும். வட்டம் உருவாகக் குறைந்தது இரண்டு படி வேண்டும். இரண்டாவது படியே இல்லையென்றால் வட்டம் எங்கிருந்து வரும்?

எல்லா இணைப்புகளையும் ஒவ்வொரு முறையும் துழாவி வட்டம் தேடியிருக்கலாம். அந்தத் தேடலில் ஒரு பிழை நுழைந்தாலும் விலை கொடுப்பது கெர்னல்தான். மூன்றடுக்குக் கண்காணிப்பு கிடைக்காது என்பது சின்ன இழப்பு. யார் பார்த்தாலும் புரிகிற, ஒரு அடையாளத்தைப் பார்த்ததும் முடிந்துவிடுகிற விதிதான் இங்கே சரியான தேர்வு.