மெஷினை நிறுத்துறது யாரு?

இந்த வருஷத்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்க. "அதிர்வை வைத்துப் பழுதை முன்கூட்டியே கண்டறிதல்" ஏதாவது ஒரு பெயரில் கட்டாயம் இருக்கும். டர்பைன் பிளேடு, பம்ப், பேரிங், எதுவாகவும் இருக்கலாம். கடைசி ஸ்லைடில் தொண்ணூத்திச் சொச்சம் சதவீதம் அக்யூரசி. கைதட்டல், குரூப் போட்டோ, முடிஞ்சது. அந்த எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. அதுக்கு அப்புறம் வரவேண்டிய ஒரு ஸ்லைடு வருவதே இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

முதலில் அடிப்படை. வீட்டு சீலிங் ஃபேனில் ஒரு இறக்கையின் எடை மட்டும் மாறினால் ஃபேன் ஆடும், இல்லையா? டர்பைனிலும் அதே கதைதான். பிளேடில் ஒரு துண்டு உடைந்தால், சுற்றும் வேகத்துக்குச் சமமான ஃப்ரீக்வென்சியில் அதிர்வு ஏறும். எஃப்.எஃப்.டி. போட்டால் அந்த இடத்தில் ஒரு முனை எழுந்து நிற்கும். வெறும் விரிசல் என்றால் பிளேடின் விறைப்பு குறையும், அதன் இயல்பு அதிர்வெண்ணும் கொஞ்சம் இறங்கும். சின்ன விரிசல் பேரிங் மேல் ஒட்டிய சென்சாருக்குத் தெரியாமலே போகலாம். அதனால்தான், ஒவ்வொரு பிளேடு நுனியும் சென்சாரைக் கடக்கும் நேரத்தை அளக்கும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. ஆக, கண்டுபிடிக்க வழி உண்டு. கண்டுபிடிச்ச பிறகு?

ரஷ்யாவில் யெனிசே ஆற்றின் மேல் சயானோ-சுஷென்ஸ்காயா என்ற நீர்மின் நிலையம். 640 மெகாவாட் யூனிட்கள் பத்து. 2009 தொடக்கத்தில் 2-ஆம் யூனிட்டின் டர்பைன் பிளேடுகளில் இருந்த விரிசல்களையும் அரிப்புகளையும் வெல்டிங் செய்து சரிபார்த்து, மார்ச்சில் திரும்ப ஓட விட்டார்கள். அதன்பின் அதிர்வு கூடிக்கொண்டே போனது. ஆகஸ்ட் 17 காலை 8.13 மணிக்கு டர்பைன் மூடியைப் பிடித்திருந்த போல்ட்கள் விட்டுப்போய், யூனிட்டே மேலே தூக்கி எறியப்பட்டது. தண்ணீர் மெஷின் ஹாலுக்குள் புகுந்தது. 75 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கைப்படி, கடைசி 13 நிமிஷத்தில் பேரிங் அதிர்வு 600 மைக்ரானிலிருந்து 840-க்குப் போனது. அனுமதித்த அளவு 160. சோதித்த 49 போல்ட்களில் 41-இல் களைப்பு விரிசல் இருந்தது. களைப்பு விரிசல் ஒரே ராத்திரியில் வராது. உடைந்தது பிளேடு இல்லை, போல்ட்தான். ஆனாலும் நம்ம கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான கேஸ் எனக்குத் தெரியாது. ஏன்னா, அந்த யூனிட்டில் தொடர் அதிர்வுக் கண்காணிப்பு சிஸ்டம் 2009-லேயே பொருத்தப்பட்டிருந்தது. அதை முறையாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. முடிவெடுக்கும்போது யாரும் அதைக் கணக்கில் எடுக்கவும் இல்லை என்று அதே அறிக்கை சொல்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த 840 காட்டிய சென்சாரே பழுது, மெஷின் நிற்கும்போதுகூட அது அதிர்வு காட்டியது என்று பிறகு சிலர் வாதிட்டார்கள். சரி, அப்படியே வெச்சுப்போம். சென்சார் சரி என்றால் மெஷினை நிறுத்தியிருக்கணும். தப்பு என்றால் சென்சாரை மாற்றியிருக்கணும். ரெண்டுமே நடக்கலை. யாரும் நம்பாத சென்சார் சுவரில் மாட்டின காலண்டர் மாதிரி.

"ஒவ்வொரு அலாரத்துக்கும் நிறுத்தினா கரண்ட் யார் கொடுப்பா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். முந்தின ராத்திரி பிராட்ஸ்க் நீர்மின் நிலையத்தில் தீப்பிடித்து தகவல் தொடர்பு அறுந்ததால், மின்தேவையின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் வேலை சயானோவுக்கு வந்தது. அந்த நேரத்தில் ஷிஃப்டில் இருப்பவர் நிறுத்திவிட்டு, அலாரம் பொய் என்று தெரிந்தால், மறுநாள் பதில் சொல்வதும் அவர்தான். அதனால்தான் எந்த அளவில் நிறுத்தணும், யார் நிறுத்தலாம் என்பதை முன்னாடியே எழுதி வைக்கணும்னு சொல்றேன். நிறுத்தினவரைத் தண்டிக்க மாட்டோம் என்ற உறுதியும் அதிலேயே இருக்கணும். பதற்றமான நேரத்தில் யோசித்து எடுக்கிற முடிவு இல்லை இது.

இப்போ நம்ம ப்ராஜெக்ட்டுக்கு வாங்க. நம்மில் பலர் எடுப்பது கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் யுனிவர்சிட்டியின் பேரிங் டேட்டா. 2 குதிரைசக்தி மோட்டாரில், செயற்கையாக உண்டாக்கிய பழுதுகளை வைத்து எடுத்தது. கற்றுக்கொள்ள அருமையான டேட்டா. ஆனால் ஒரே ரெக்கார்டிங்கைத் துண்டு துண்டாக வெட்டி, பாதியை ட்ரெய்னிங்குக்கும் மீதியை டெஸ்டுக்கும் போட்டால் அக்யூரசி வராமல் எங்கே போகும்? நிஜ ஆலையில் பழுது நமக்காக லேபிள் ஒட்டிக்கொண்டு வராது.

அதனால் கடைசி ஸ்லைடுக்கு அப்புறம் இன்னொன்னு போடுங்க. நாலே வரி போதும். எந்த அளவில் அலாரம்? எந்த அளவில் நிறுத்தம்? சென்சார் பொய் சொல்லுதான்னு எப்படிச் சோதிப்பீங்க? நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? கோடிங் தேவையில்லை, ஆனால் ஆலையில் வேலை பார்க்கும் ஒருத்தரிடமாவது பேசாமல் இந்த நாலுக்கும் பதில் எழுத முடியாது. அடுத்த ரிவியூவில் உங்க டீம் ரெடியா இருங்க, பக்கத்து டீமையும் கேளுங்க.