அவங்க பாட்டுக்கு அவங்க

எங்கள் ஊரில் சாதிக் கலவரம் நடந்ததே இல்லை. பெரியப்பா இதைப் பெருமையாகச் சொல்வார். காரணத்தையும் அவரே சொல்வார்: "அவங்க பாட்டுக்கு அவங்க இருக்காங்க, நம்ம பாட்டுக்கு நாம இருக்கோம். கலந்தாத்தான் வம்பு." சென்னையில் வீடு கேட்டுப் போனபோது ஒரு வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க, ஒரே மாதிரி ஆளுங்களா இருந்தா பிரச்சினை வராது பாருங்க." வசைச்சொல்லுக்கு இன்று வழக்குப் போடலாம். இந்தப் பேச்சு அக்கறைபோல ஒலிப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் பேசுகிறேன். இது பச்சைப் பொய்.

எப்போது ஒதுங்கியிருந்தோம்? விடிந்தால் நாற்று நட, தலித்துகள் குடியிருக்கும் காலனியிலிருந்து ஆள் வர வேண்டும். சாவு விழுந்தால் பறையடிக்க வர வேண்டும். செத்த மாட்டைத் தூக்க, சாக்கடை அள்ள வர வேண்டும். உழைப்பு வருகிற பாதையை யாரும் அடைத்ததே இல்லை. சோறு, கோயில், சுடுகாடு, கல்யாணம் என்று வரும்போது மட்டும் "அவங்க பாட்டுக்கு அவங்க."

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அக்காவுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கப் பெரியப்பாவோடு சைக்கிளில் போனேன். ஊர்த்தெருவில் வீடு வீடாக ஏறி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தோம். காலனிக்கு முன்னால் இருக்கிற புளியமரத்தடியில் பெரியப்பா சைக்கிளை நிறுத்திக் குரல் கொடுத்தார். அவர் வயதுக்காரர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் கையில் ஒரே ஒரு பத்திரிகை. "எல்லாருக்கும் சொல்லிருடா." "சரிங்க சாமி." அவ்வளவுதான், திரும்பிவிட்டோம். கலவரம் நடக்காத ஊர் என்பது இதுதான். ஒரு பக்கம் "டா" போட, மறுபக்கம் "சாமி" சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் வம்பு வர வழியே இல்லை. அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்தது நாங்கள். அவரை யாரும் கேட்கவில்லை.

ஒதுங்கியிருந்தால் சண்டை வராது என்ற நம்பிக்கையைச் செங்கல்லால் கட்டிப் பார்த்த ஊர் மதுரை மாவட்டம் உத்தப்புரம். 1989 மோதலுக்குப் பிறகு அங்கே தலித் குடியிருப்புக்கும் மற்றவர்கள் தெருவுக்கும் நடுவே சுவர் எழுந்தது. மேற்கொண்டு சண்டை வராமல் இருக்கத்தான் என்றார்கள், ஊர் ஒப்பந்தம் என்றார்கள். தலித்துகள் பேருந்து நிறுத்தத்துக்குச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சுவருக்கு மேல் மின்கம்பி ஓடிய செய்தி வெளியே வந்து, இடதுசாரிகளும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராடிய பிறகு, 2008 மே மாதம் அதிகாரிகள் சுவரின் ஒரு பகுதியை உடைத்துப் பாதை விட்டார்கள். சுமார் 15 அடி அகலம். அதைப் பொறுக்காமல் தலித் அல்லாத பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தன. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்ததில் மனம் ஆறியிருந்தால், ஒரு பாதைக்கு ஏன் இத்தனை கொந்தளிப்பு? சுவர் பகையை ஆற்றவில்லை. கெடாமல் பொத்தி வைத்திருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனை, அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. "பாத்தீங்களா, ஒரே பள்ளிக்கூடத்துல போட்டதால வந்த வினை" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் கட்டுகிற சாதிக் கயிற்றை எந்த வாத்தியார் கட்டிவிடுகிறார்? அது தெருவில் கட்டியது, கோயில் கொடையில் கட்டியது, பெரியவர்கள் பார்த்துச் சிரித்தபடி விட்டது. பகலில் சில மணி நேரம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அவரவர் தெருவில் வளர்கிற பிள்ளைகள் அவர்கள். அந்தத் தெருக்கள் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்பதைத்தான் அந்த அரிவாள் காட்டியது.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், பொட்டு ஆகியவற்றுக்குத் தடை கேட்டதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று அதில் ஒரு பரிந்துரை உண்டு. என் கணக்கில் அதுதான் முக்கியம். பக்கத்தில் உட்காருவது யார் என்பதைத் தெரு முடிவு செய்யாத ஒரே இடமாவது ஒரு பிள்ளைக்கு வேண்டும். 1998 இல் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரம் குடியிருப்புத் திட்டம் இதையே வீட்டுக்குச் செய்து பார்த்தது. 100 வீட்டில் 40 தலித்துகளுக்கு, மற்றவை மற்ற சாதிகளுக்கு, எல்லாம் கலந்து. அதில் குறைகள் உண்டு, ஆனால் அதன் கணக்கு சரியான கணக்கு.

போன தை மாதம் தம்பி மகள் கல்யாணத்துக்குக் காலனியில் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தோம். முதல் வீட்டில் ஓர் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கிக் குடித்தேன். கூட வந்த சித்தப்பா மகன், "இப்பத்தான் டீ குடிச்சேங்க்கா" என்றான். அவன் டீ குடிக்கவில்லை என்பது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. செம்பை உள்ளே கொண்டுபோகாமல், நாங்கள் அடுத்த வீட்டுப் படியேறும் வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.