லேப்டாப்பை மாற்றுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கம்ப்யூட்டரில் இசையமைக்கும் பிள்ளை இருந்தால் முழுவதும் படியுங்கள். மற்றவர்கள் பாதியில் எழுந்து போனாலும் கோபம் இல்லை. வருகைப் பதிவேடு கையில் இருந்த காலம் முடிந்துவிட்டது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் வாசிக்கும்போது சத்தம் திக்குகிறது, பட் பட்டென்று வெடிக்கிறது, நடுவில் சுரம் காணாமல் போகிறது என்று பிள்ளை சொன்னால், "சிஸ்டம் பழசு, புதுசு வாங்கு" என்று உடனே சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. எங்கே அடைக்கிறது என்று பார்க்காமல் காசை எடுப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான்.

இப்போது இதை எழுதக் காரணம், என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒருவன். இன்று லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மகன் நன்றாக மெட்டுப் போடுகிறான், நானே கேட்டிருக்கிறேன். கடையில் காட்டியபோது 1,40,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப்பைக் கைகாட்டியிருக்கிறார்கள். "டீச்சர், அவ சங்கிலியை பேங்க்ல வைக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்று போனில் கேட்டான். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பையனையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

டீச்சருக்கு இது எப்படித் தெரியும் என்று சிலர் நினைப்பீர்கள். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஓய்வு பெற்ற பிறகு பாப்பா பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டுப் பதிவு செய்ய ஒரு சின்ன கீபோர்டும் ரீப்பர் மென்பொருளும் வாங்கினேன். திக்கல் என் பெட்டியிலும் வந்தது. கற்றுக்கொள்ள நேரம்தான் நிறைய இருந்ததே.

முதலில் இந்தக் கருவிகள் என்னவென்று புரிய வேண்டும். கம்ப்யூட்டரில் கேட்கும் பியானோ பெரும்பாலும் உண்மையான பியானோவின் ஒலிப்பதிவு. 88 கட்டைகளையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பலமுறை அடித்து, பக்கத்தில் ஒரு மைக், தூரத்தில் ஒரு மைக் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள். யோசனை பழையது. 1960களில் இங்கிலாந்தில் செய்த மெலட்ரான் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் சுமார் 8 விநாடி ஓடும் ஒரு நாடா இருந்தது. இன்று நாடாவுக்குப் பதில் கோப்பு. ஒரே கருவி பத்து, ஐம்பது, நூறு ஜிபி கூட வரும்.

அவ்வளவும் ரேமில் கொள்ளாது. அதனால் கல்யாணப் பந்தி முறையில் வேலை நடக்கிறது. சமையல்கட்டில் அண்டா இருக்கிறது, அது டிஸ்க். பந்தி ஓரத்தில் வாளி இருக்கிறது, அது ரேம். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் வாளியில் எடுத்து வைத்திருப்பார்கள். கட்டையைத் தொட்டதும் வாளியிலிருந்து பரிமாறிக்கொண்டே, மீதியை அண்டாவிலிருந்து கொண்டுவரச் சொல்வார்கள். வாளி காலியாகும் முன் அண்டாச் சாம்பார் வந்துவிட்டால் யாருக்கும் குறை தெரியாது. வராவிட்டால் இலையில் வெறும் சோறு. அதுதான் காணாமல் போகும் சுரம்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம், கணக்கு இல்லாமல் நான் விடமாட்டேன் என்று தெரியுமே. விநாடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 3 பைட், இடம் வலம் என இரண்டு. பெருக்கினால் 2,88,000 பைட். சுருக்காமல் வைத்தால் ஒரே ஒரு குரலுக்கு ஒரு விநாடிக்கு இவ்வளவு. பெடலை மிதித்துக்கொண்டு நாலு கார்டு வாசித்தால் பழைய சுரங்களும் அடங்காமல் சேர்ந்து நூறு குரல் எளிதில் எட்டிவிடும். அப்போது விநாடிக்கு ஏறத்தாழ 29 எம்பி. மூன்று மைக்கும் திறந்திருந்தால் 86 எம்பி.

சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரே நீளக் கோப்பை விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் படித்துவிடும். ஆனால் முந்நூறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படி என்றால் திணறும். அதன் முள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகிறது. விநாடிக்கு நூறு தாவல், அவ்வளவுதான். எஸ்எஸ்டியில் முள்ளே இல்லை.

பையன் வந்தான். 8 ஜிபி ரேம், மூன்று வருடப் பெட்டி. ஒலிக்கோப்புகள் வெளி ஹார்டு டிஸ்கில். அந்த டிஸ்கை மவுஸோடும் கீபோர்டோடும் சேர்த்து ஒரு பழைய யுஎஸ்பி 2 ஹப்பில் செருகியிருந்தான். அந்த வழியில் நடைமுறையில் விநாடிக்கு 30, 40 எம்பிதான் போகும். 86 கேட்கிற இடத்தில் 40! கடையில் யாரும் ஹப்பைக் குனிந்து பார்க்கவில்லை.

உடனே பிடுங்கி மாற்ற நான் விடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றியபின் அதே எட்டு அடிகளை மறுபடி வாசி, நோட்டில் எழுது என்றேன். ஐந்தை ஒன்றாக மாற்றி சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி கடைக்குத்தான் ஓட வேண்டும்.

முதல் முறை வாசிக்கும்போது சுரம் விழுந்தது. நிறுத்தி அதையே மறுபடி வாசித்ததும் சுத்தமாக வந்தது. இந்த அடையாளத்தை நினைவில் வையுங்கள். ஒருமுறை படித்த கோப்பை விண்டோஸ் ரேமில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும், அதனால் இரண்டாம் முறை டிஸ்கைத் தேட வேண்டியதில்லை. அப்படியானால் குற்றம் டிஸ்க் பக்கம். பியானோவை மட்டும் லேப்டாப்பின் உள்ளே இருந்த எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்தோம். திக்கல் நின்றது. அவன் அப்பா என் முகத்தைப் பார்த்தான், நான் நோட்டைப் பார்த்தேன்.

வயலின் கூட்டம் மட்டும் அடங்கவில்லை. அதில் தூர மைக் இரண்டை அணைத்தோம், பாதி பாரம் இறங்கியது. மிச்சம் வெடித்தது பஃபரால். யாரோ "குறைச்சாதான் புரொஃபஷனல்" என்று சொல்லி 64-இல் வைத்திருந்தான். அடுத்த துண்டு ஒலியைத் தயாரிக்க கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் நேரம் 1.3 மில்லி விநாடி. 256 என்றால் 5.3 கிடைக்கும், வாசிக்கும் விரலுக்குப் பெரிதாகத் தெரியாது. பதிவு முடிந்து கலவை செய்யும்போது 1024-க்கே போகலாம். அப்போது யாரும் விரலால் வாசிக்கவில்லையே.

வேறு அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். மவுஸே நகராமல் எல்லாம் உறைந்துபோய், டாஸ்க் மேனேஜரில் மெமரி நிரம்பியிருந்தால் ரேம் பற்றாக்குறை. அங்கே பயன்படாத சுரங்களை இறக்கிவிடும் வசதி உண்டு, கான்டாக்ட்டில் அதற்குப் பெயர் பர்ஜ். மொத்த சிபியு 30 சதவீதம்தான் காட்டுகிறது, இசை மென்பொருளின் முள் மட்டும் சிவப்பு என்றால், ஒரே டிராக்கில் எஃபெக்ட்டுகளை அடுக்கியிருப்பீர்கள். ஒரு டிராக்கின் சங்கிலி பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும், மற்ற கோர்கள் கைகட்டி நிற்கும். பத்து நிமிடம் நன்றாக ஓடியபின் திக்கினால் சூடு, விசிறியில் தூசு. சார்ஜரைக் கழற்றியதும் திக்கினால் சொல்லவே வேண்டாம். சின்னக் கருவிக்கும் வெடித்தால் டிரைவரைப் பாருங்கள், வைஃபையை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஒலிக்கோப்பையும் சோதித்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு ஃபோல்டருக்கு விலக்குக் கொடுங்கள், ஆன்டிவைரஸையே அணைத்துவிடாதீர்கள்.

கான்டாக்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வாளியின் அளவை நாமே மாற்றலாம், பிரீலோட் பஃபர் என்று இருக்கும். ஹார்டு டிஸ்க் என்றால் கூட்ட வேண்டும், ரேம் அதிகம் போகும். எஸ்எஸ்டி என்றால் குறைக்கலாம், ரேம் மிச்சமாகும். எஸ்எஸ்டி வாங்கியபின்னும் இதைக் குறைக்காமல் "ரேம் போதலை" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதுப் பெட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழு ஆர்கெஸ்ட்ராவை விரித்து வைத்து, நாளைக் காலை டைரக்டருக்கு அனுப்ப வேண்டிய தொழில்காரருக்கு 64 ஜிபி ரேம் ஆடம்பரம் இல்லை, ஆயுதம். கற்கும் பிள்ளைக்கு அது எதற்கு? லண்டன் ஸ்பிட்ஃபயர் நிறுவனம் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவையே பல அளவுகளில் தருகிறது. பெரியது ஏறத்தாழ 600 ஜிபி, சிறியது 200 எம்பி அளவுதான். சிறியதில் எழுதிப் பழகட்டும். இருபத்தைந்து வயலினுக்கு எந்தச் சுரம் கொடுப்பது என்று தெரியாதவனுக்கு மூன்றாவது மைக் என்ன செய்துவிடும்? நண்பர்களிடம் "என்கிட்ட 2 டிபி லைப்ரரி இருக்கு" என்று சொல்லிக்கொள்ள மட்டும் உதவும்.

அந்தப் பையனிடம் ஒரு பெரிய கோரஸ் கருவி இருக்கிறது. அது 8 ஜிபியில் மற்றவற்றோடு சேர்ந்து இன்றும் ஓடவில்லை. அதை மட்டும் தனியாக வாசித்து, டிராக்கை ஃப்ரீஸ் செய்து, பிறகு மற்றதைத் திறக்கிறான். அலுப்புதான். தீபாவளிக்குள் ரேமை 16 ஆக்கவும், ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கவும் அப்பாவும் மகனும் திட்டம் போட்டிருக்கிறார்கள். அது மாதச் சேமிப்பிலேயே முடியும்.

என்னிடம் கேட்க நினைப்பவர்கள் இவற்றை எழுதி அனுப்புங்கள்: ரேம் எவ்வளவு, ஒலிக்கோப்பு எந்த டிஸ்கில், எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது, பஃபர் எவ்வளவு, இரண்டாம் முறை வாசித்தால் சுத்தமாக வருகிறதா. "ஸ்லோவா இருக்கு டீச்சர்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. போன் செய்வதானால் மாலை ஆறு மணிக்கு மேல்.