எந்த ஊர்க் கல்?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்து மடிந்து, சேற்றில் புதைந்து, காலக்கிரமத்தில் கல்லாகிவிட்ட ஒரு ஜீவனை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தவர்களுக்கு, விலை கொடுத்தேனும் அதைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உண்டாவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த ஆசையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆயினும், வாங்குகிறவர் விற்கிறவரிடம் கேட்கும் முதற்கேள்வியைப் பற்றி எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. "இது அசல்தானா?" என்றே பெரும்பாலோர் கேட்கிறார்கள், "இது எந்த ஊர்க் கல்?" என்று கேட்பவர் அபூர்வம்.

அசலா என்ற கேள்வி அவசியமானதே. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்துபோன டிரைலோபைட் என்னும் கடற்பிராணியின் புதைபடிவங்கள் மொராக்கோ நாட்டிலிருந்து உலகச் சந்தைகளுக்கு ஏராளமாகச் செல்கின்றன. அவற்றினிடையே, அச்சில் வார்த்துச் சாயம் பூசியவையும், உடல் உண்மையாகவும் முட்கள் மட்டும் பிசினால் ஒட்டப்பட்டவையுமாகப் பல போலிகள் கலந்து வருகின்றன. பூதக்கண்ணாடியால் நோக்கினால் வார்ப்பின் மேல் நுண்ணிய காற்றுக் குமிழிகள் புலப்படும். பழுக்கக் காய்ச்சிய ஊசி முனையால் தொட்டால் பிசின் பொசுங்கி நாறும், கல் அசையாது. பாறையைப் பிளந்து எடுத்தபோது விழுந்த வெடிப்பு, பிராணியின் உடலையும் சுற்றியுள்ள கல்லையும் ஒரே கோடாகக் கடந்து செல்கிறதா என்பதையும் அனுபவசாலிகள் உற்றுப் பார்ப்பார்கள்.

இத்தனை பரீட்சைகளிலும் தேறிய கல்லும் பொய்ச்சாட்சி சொல்லக்கூடும் என்பதே நான் வற்புறுத்த விரும்பும் விஷயம். 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூசான் நகரக் கண்காட்சியில், சீன தேசத்திலிருந்து திருட்டுத்தனமாக வெளியேறிய ஒரு புதைபடிவத்தை ஒரு சிறிய அருங்காட்சியகத்தார் 80,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட இனம் இது என்று 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' பத்திரிகை அதற்கு 'ஆர்க்கியோராப்டர்' எனப் பெயர் சூட்டி உலகுக்கு அறிவித்தது. சில மாதங்களுக்குள், உடல் ஒரு பழம்பறவையினுடையது, வால் வேறொரு சிறு டைனோசருடையது, இரண்டையும் எவரோ ஒட்டவைத்திருக்கிறார்கள் என்பது வெளியாயிற்று. உடலும் அசல், வாலும் அசல். எந்தப் பாறையில் எவர் முன்னிலையில் அவை கிடைத்தன என்ற வரலாறு மட்டுமே இல்லை. அது இருந்திருக்குமானால் இந்த அவமானத்துக்கு இடமே நேர்ந்திராது.

நம் நாட்டில் நடந்ததோ இதனினும் வருந்தத்தக்கது. சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராயிருந்த வி. ஜே. குப்தா இமயமலையில் கண்டதாகப் பல ஆண்டுகள் எழுதிவந்த புதைபடிவங்களில் சில, மொராக்கோவில் கிடைத்துப் பாரிஸ் கடைகளில் விலைக்கு வரும் அம்மோனைட் என்னும் கடற்பிராணிகளின் படிவங்களை ஒத்தவை என்று ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டாலண்ட் 1989-இல் 'நேச்சர்' இதழில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். கல் போலியானது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊர்தான் பொய் என்றார்கள். அதனால் இமயத்தின் பூர்வ சரித்திரம் பற்றிய எழுத்துக்களில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று அறிஞர்கள் திகைத்து நின்றார்கள்.

ஊர்ப்பெயரின் மதிப்பை அறியத் தமிழர்கள் வெளிநாடு செல்லவேண்டியதில்லை. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் கே, கன்லிஃப் என்னும் இருவர் சேகரித்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846-இல் விவரித்தார். பின்னர் ஸ்டொலிச்கா என்னும் அறிஞர், தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் என்னும் பூர்வ காலத்துக் கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் பெரிய நூல்களாகவே எழுதிவைத்தார். எந்தக் கல் எந்தக் கிராமத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்துவைத்தமையால்தான் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் நம் ஊர்ப்பெயர்கள் அங்குள்ள பாறைத் தொகுதிகளின் பெயர்களாகிப் பூகர்ப்ப சாஸ்திரத்தில் இன்றளவும் வழங்கிவருகின்றன. அதே அம்மோனைட்டை அப்பகுதியிலுள்ள காரை ஓடையில் பெயர்த்தெடுத்து, குறிப்பு ஏதுமின்றி நகரத்துக் கடையில் வைத்துவிட்டால், அதன் கீழே எது கிடந்தது, மேலே எது கிடந்தது, அன்று அங்கே கடல் ஆழமாக இருந்ததா, கரையோரமாக இருந்ததா என்பதெல்லாம் ஒரே நாளில் மறைந்துபோகின்றன. அவற்றைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

விற்பனை முழுவதையும் பாபம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் என்னும் ஏழைப் பெண் புதைபடிவங்களை விற்றே ஜீவனம் நடத்தினாள். 1823-இல் அவள் கண்டெடுத்த பிளீசியோசர் என்னும் பண்டைக் கடல் ஊர்வனவின் நீண்ட கழுத்தைப் பற்றி மகா நிபுணரான குவியேயே முதலில் சந்தேகப்பட்டுப் பின்னர் ஒப்புக்கொண்டார். எந்தப் பாறைச் சரிவில் எது கிடைக்கும் என்பதை அறிந்து, தன் கையாலேயே எடுத்து விற்றவள் அவள். இன்றைய சந்தையிலோ கல் பல கைகள் மாறி வருகிறது. அதன் ஊரை மறைப்பதில் விற்பவருக்கு லாபமும் இருக்கிறது. நியூயார்க்கில் 2012-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன டார்போசரஸ் என்னும் டைனோசரின் எலும்புக்கூடு மங்கோலியாவிலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்டது எனத் தெரிந்து, மறு ஆண்டே அந்நாட்டுக்குத் திருப்பியளிக்கப்பட்டது.

ஆகையால், புதைபடிவம் வாங்க விரும்பும் அன்பர்கள் ஊர், பாறை அடுக்கு, எடுத்தவர், எடுத்த ஆண்டு, பின்னால் ஒட்டிச் சேர்த்த பகுதிகள் ஆகியவற்றை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்க வேண்டும். தராதவரிடம் கல் எவ்வளவு அழகாயிருந்தாலும் அதை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அரியலூர்ப் பக்கத்தில் என்றோ பொறுக்கிய கல் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்குமானால், எந்த ஓடையில், எந்த ஆண்டில் எடுத்தது என்பது நினைவிலிருந்து நழுவுமுன், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இன்றே அதனோடு சேர்த்து வையுங்கள்.