முதல் நாள் அவசரம்

சென்ற இதழில் விரத நாட்களில் நீரிழிவு நோயாளிகள் கவனிக்க வேண்டியவற்றைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை நோயாளி நானே. பள்ளி விடுமுறை நெருங்குகிறது. போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாத வரிசையில் நின்றபோது, மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவதாகச் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று, கடந்த ஏப்ரலில் எங்கள் பயணத்தின் முதல் நாள் நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

சிட்னியிலிருந்து நியூசிலாந்தின் தென் தீவுக்குப் பத்து நாள் பயணம். நான், என் மனைவி, 78 வயதான என் தாயார், மகன், மகள் என ஐந்து பேர். முதல் நாளே கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து சுமார் 225 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டெக்காப்போ ஏரியை அடைந்துவிட வேண்டும் என்பது என் திட்டம். பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து நீரில் கலந்துவிடுவதால் அந்த ஏரி பால் கலந்த நீல நிறத்தில் இருக்கும். இரவில் வானம் அவ்வளவு தெளிவு. 2012இல் அப்பகுதியை இருள் வானக் காப்பகமாகவே அறிவித்துவிட்டார்கள். தங்குமிடத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று.

புறப்படுவதற்கு முதல் நாள் எனக்கு மருத்துவமனையில் வேலை. வீடு வந்து சேர நள்ளிரவாயிற்று. மூன்று மணிக்கு எழுந்து விமான நிலையத்துக்கு ஓடினோம். விமானத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், தூக்கம் வரவில்லை. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால். இறங்கும்போதே நடுப்பகல் கடந்துவிட்டது.

வண்டி ஏழு மீட்டர் நீளம். கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்க் குழாய், எரிவாயு சிலிண்டர் என்று ஒவ்வொன்றாகக் காட்டிய இளைஞர், "இரண்டாவது ஓட்டுநர் பெயரையும் சேர்க்கட்டுமா?" என்று கேட்டார். அதற்குத் தனிக் கட்டணமாம். "தேவையில்லை, நானே ஓட்டிக்கொள்வேன்" என்றேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பொருள் எனக்கு மாலையில்தான் புரிந்தது.

கடையில் அரிசி, பால், தயிர், வெங்காயம் வாங்கினோம். அம்மா மறக்காமல் எலுமிச்சம்பழமும் வாங்கி, சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். பழம் நசுங்க, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு கிளம்பியபோது மணி மூன்றரை. முதல் திருப்பத்திலேயே அலமாரி திறந்துகொண்டு தட்டுகளெல்லாம் உருண்டன. அம்மா பெல்ட்டைக் கழற்றிவிட்டு எடுக்க எழுந்தார். "உட்காரும்மா!" என்று கத்தினேன். நின்றால் வீடு, ஓடினால் லாரி: மோட்டார் ஹோமில் இதை யாரும் மறக்கக் கூடாது.

கிறைஸ்ட்சர்ச்சைத் தாண்டினால் கேன்டர்பரி சமவெளி. இரு புறமும் புல்வெளியும் ஆட்டு மந்தையும். ரக்காயா ஆற்றின் மேல் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளப் பாலம். அந்நாட்டின் மிக நீளமான சாலைப் பாலம் அதுதான். அதற்கப்பால் சாலை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. மாலை வெயில் முகத்தில் அடித்தது. கொட்டாவி வந்தது. கண்ணாடியை இறக்கினேன். பாட்டை உரக்க வைத்தேன். "கொஞ்சம் நிறுத்தலாமே" என்றார் மனைவி. "இருட்டுவதற்குள் மலைப்பாதையைக் கடக்க வேண்டும்" என்றேன்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது கடகடவென்ற சத்தம். ஓரக்கோட்டில் மேடு மேடாகப் போட்டிருக்கும் பட்டைகளின் மேல் இடது சக்கரங்கள் ஏறியிருந்தன. மகள் "அப்பா!" என்று அலறினாள். சாலையோர வாய்க்கால் வெகு அருகில் தெரிந்தது. எப்படியோ திருப்பிவிட்டேன். கண்ணை மூடியதே எனக்குத் தெரியாது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 25 மீட்டர். நான்கு நொடி கண்ணயர்ந்தால் நூறு மீட்டர் தூரம் ஓட்டுநரே இல்லாமல் வண்டி ஓடுகிறது. உள்ளே இருந்தது என் முழுக் குடும்பம்.

இதை மருத்துவத்தில் கணநேரத் தூக்கம் என்போம். களைத்த மூளை தூங்க அனுமதி கேட்பதில்லை. கண் திறந்திருக்கும்போதே கூட அது நேரலாம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இங்கே நமக்குச் சட்டம் வகுத்திருக்கும் எல்லையும் அதுதான். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத நான், குடித்தவனைப் போல் வண்டி ஓட்டியிருக்கிறேன். இதே புத்திமதியை எத்தனையோ நோயாளிகளுக்குச் சொன்ன வாய் இது.

அடுத்து வந்த ஊர் ஆஷ்பர்ட்டன். கிளம்பிய இடத்திலிருந்து 90 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் தூங்கினேன். எழுந்ததும், "இப்போது தெளிவாகிவிட்டது, போகலாம்" என்றேன். "இன்று இங்கேதான்" என்றார் மனைவி. அம்மாவும் தலையாட்டினார். அங்கேயே ஒரு முகாமில் இடம் கிடைத்தது. டெக்காப்போவில் கட்டிய பணம் போயிற்று. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அம்மா ரசம் வைத்தார். ஏழு மணிக்கு வெளியே வந்து நின்றோம். தலைக்கு மேலே உயரத்தில் ஒரு நட்சத்திரம் ஜொலித்தது. "அது என்னடா?" என்றார். "அகத்தியர்" என்றேன். கனோபஸ் என்று ஆங்கிலத்தில் சொல்வது அதைத்தான். வானில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெற்கே தாழ்வாகத் தெரிந்து மறைந்துவிடும். அங்கோ அது ஆண்டு முழுவதும் அஸ்தமிப்பதே இல்லை. "இவ்வளவு உசரத்துல நான் பார்த்ததே இல்லை" என்று அம்மா கைகூப்பினார். மகனும் முகாமின் விளக்கை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் பட்டப்பகலில் பர்க்ஸ் கணவாயைக் கடந்து ஏரியைப் பார்த்தோம். ஏரி எங்கும் ஓடிவிடவில்லை.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். விமானத்தில் இறங்கிய அன்றே நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். முதல் நாள் பக்கத்து ஊர் போதும். பணத்தைப் பாராமல் இரண்டாவது ஓட்டுநரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி, பெரியவர்களையும் இறக்கி நடக்க வையுங்கள். குளிர்காற்றும் பாட்டும் தூக்கத்தை விரட்டா. காப்பி வேலை செய்ய அரை மணி ஆகும். குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். பிரயாண வாந்திக்கான மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. ஓட்டுபவர் மருந்துக்கடையில் கேட்காமல் விழுங்கக் கூடாது. குறட்டை விட்டு, பகலில் அடிக்கடி கண்ணயர்பவர்கள் பயணத்துக்கு முன்பே தங்கள் டாக்டரைப் பாருங்கள்.

எலுமிச்சம்பழம் வையுங்கள், தேங்காய் உடையுங்கள். அம்மாவின் எலுமிச்சம்பழம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று அவர் இன்றும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் பிள்ளையாருக்கு அவ்வளவு வேலை வைக்காமல், முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் புறப்படுங்கள்.