முற்றத்துக்கு ஒரு நிறம்



பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இப்போது வீடு கட்டுகிறவர்களைப் பாருங்கள். தாத்தாவின் விளை பாகம் பிரிந்து பிரிந்து, பேரன் கைக்கு வரும்போது மூன்று சென்ட், நாலு சென்ட். அகலம் குறைவு, நீளம் அதிகம். அதற்குள் வீடு, கிணறு, செப்டிக் டேங்க், வண்டி நிறுத்த இடம். மிஞ்சுவது வாசலில் ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு சந்து, அடுக்களைக்குப் பின்னால் ஒரு துண்டு.

'இதில் என்ன தோட்டம் போட?' என்று அலுத்துக்கொண்டு, மூன்றையும் இன்டர்லாக் கல்லால் மூடிவிடுகிறோம். மூட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். அந்த மூன்று துண்டும் மூன்று தோட்ட அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள்.

இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் சிசிங்ஹர்ஸ்ட் என்றொரு தோட்டம். எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் 1930-ல் அதை வாங்கி, வேலிகளாலும் சுவர்களாலும் அறை அறையாகப் பிரித்தார்கள். அதில் ஓர் அறையில் வெள்ளைப் பூக்கள் மட்டுமே. உலகமெங்கும் பேசப்படுவது அந்த அறைதான்.

அவர்களிடம் ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தது, நமக்கு எதற்கு என்கிறீர்களா? சின்ன இடத்துக்குத்தான் இது அதிகம் பொருந்தும். பத்து நிறத்தை நெருக்கி வைத்தால் கண்ணுக்கு ஓய்வில்லை. இடமும் இன்னும் குறுகித் தெரியும். ஒரே நிறத்தோடு நிறுத்திக்கொள்ளும் இந்த அடக்கம் நமக்குப் புதிதல்ல. நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே இருக்கிறது பாலராமபுரம். அங்கே சாலியர் தெருக்களில், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் தறி போட்டவர்கள் நம் தமிழ் நெசவாளர்கள். அவர்கள் நெய்த முண்டைப் போலத்தான் சின்ன முற்றமும்: உடல் முழுக்க ஒரே வெளிர் நிறம், கரையில் மட்டும் கசவு.

வாசல் துண்டில் வெயில் நன்றாக விழும். அங்கே சிவப்பு வையுங்கள்: தெச்சி, செம்பருத்தி. சிவப்பு கண்ணுக்குக் கிட்டத்தில் தெரியும் நிறம். கேட்டைத் திறந்ததும் வந்தவரை வரவேற்கும். ஓணத்துக்கு அத்தப்பூ போட வாடாமல்லியும் கேந்தியும் தோவாளையிலிருந்து வரட்டும், அந்த விவசாயிகளும் பிழைக்க வேண்டும். ஆனாலும் ஒரு பிடி தெச்சியைப் பிள்ளைகள் தங்கள் வாசலில் பறிக்கட்டுமே!

பக்கச் சந்தில் வெயில் கொஞ்ச நேரம்தான். பூச்செடி வைத்துவிட்டு, பூக்கவில்லையே என்று வருந்துவானேன்? அது பச்சை அறை. வெள்ளை நரம்போடும் கலாடியம், கலாத்தியா, சுவரில் ஏறும் மணிபிளான்ட் போதும். தட்டில் தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கொசு வரும்.

பின்பக்கம் வெள்ளைக்கு. நந்தியாவட்டை, பிச்சி, மல்லிகை. வெளிச்சம் குறையும்போது சிவப்புதான் நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப் போகும். வெள்ளை கடைசி வரை தெரியும். அடுக்களை வேலை முடித்து வீட்டுப் பெண்கள் படியில் உட்காருவது எந்த நேரம்? அந்தி சாய்ந்த பிறகுதானே? பகலெல்லாம் உழைத்தவர்களுக்குப் பூவும் மணமும் கிடைக்க வேண்டியது அந்த நேரத்தில்தான்.

அறை பிரிக்கச் சுவர் எழுப்பாதீர்கள். செங்கல் சுவர் இடத்தைத் தின்னும், காற்றையும் மறிக்கும். இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்ட செம்பருத்தி வேலி போதும். முழு அகலத்தையும் அடைக்காமல், ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் நிறுத்தினால் நடைபாதை வளைந்து போகும். நேராக ஓடுகிற சந்தைவிட அது நீளமாகத் தோன்றும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம். அதன் விஷத்தை எண்ணித்தான் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது. மஞ்சள் வேண்டுமா? மஞ்சள் தெச்சி இருக்கிறது.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழை பெறுகிற மண் இது. கல் பாவிய முற்றத்தில் விழுகிற மழை ரோட்டுக்கு ஓடுகிறது. மண் திறந்திருந்தால் உள்ளே இறங்குகிறது. மீனத்தில் கிணறு வற்றி, குடத்தோடு அலைவது யார் என்று நமக்குத் தெரியாதா?

செலவைப் பற்றி யோசிக்கிறீர்களா? செம்பருத்தி, நந்தியாவட்டை இரண்டும் கம்பு ஒடித்து நட்டால் மழையில் வேர் பிடிக்கும். பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுக்காமலா போவார்கள்?

வீடு கட்டப் போகிறவர்கள், கல் போடும் காண்ட்ராக்டரிடம் இன்றே சொல்லுங்கள்: டயர் உருளும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல், மற்றது மண். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் சுவரோரம் ஒரு வரிசையைப் பெயர்த்தாலும் போதும், ஒரு வேலி நடலாம். மூன்று அறையும் ஒரே வருடத்தில் வேண்டாம். முதலில் அடுக்களைப் பக்கத்து வெள்ளையில் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்